குறை யாருக்கு? பெக்கோக் தோட்டத்தில் ஒரு வசனமும் மூவாருக்கு ஒரு பயணமும்

ஜோகூர் பாருவிலிருந்து பெக்கோக் போய், அங்கிருந்து மூவார் போய்த் திரும்பிய ஆறு நாள் பயணத்தைப் பற்றி நம் சபையில் மூன்று பேர் விசாரித்தார்கள். மூவருமே அந்தத் தோட்டத்து வேதபாட வகுப்பைப் பார்க்கப் போக நினைப்பவர்கள். ஆளுக்கொரு தரம் வாயால் சொல்வதைவிட ஒரே தரமாக எழுதிவிடலாம் என்று எழுதுகிறேன்.

போனது சீனப் புத்தாண்டு விடுமுறையில். நான் கணக்கெழுதும் வக்கீல் அலுவலகம் ஒரு வாரம் மூடியிருந்தது. பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மருந்துக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர் தேவசகாயம் என்பவர் நம் சபைக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். மூன்று வருஷமாகத் தாங்களே வேதம் படித்து வருவதாகவும், விஷயம் தெரிந்தவர் யாராவது வந்து சில நாள் பாடம் சொன்னால் நன்றாயிருக்கும் என்றும் கேட்டிருந்தார். கமிட்டியார் முதலில் மூன்று பேரைக் கேட்டு, மூவரும் அட்டைக்கும் கொசுவுக்கும் பயந்து மறுத்தபின், நான்காவதாக என்னிடம் வந்தார்கள். முதலிலேயே வந்திருக்கலாம். பாளையங்கோட்டையில் வேதபாடத் தேர்வில் முதல் பரிசு வாங்கியவன் இந்தச் சபையில் நான் ஒருவன்தான். ஆனாலும் எனக்குக் கடைசிப் பெஞ்சு. அது கிடக்கட்டும்.

காலை எட்டு இருபது ரயிலைப் பிடியுங்கள். மூன்றாம் வகுப்புக்கு ஒரு வெள்ளி தொண்ணூறு காசு. தூரம் ஏறக்குறைய எண்பது மைல். வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்கும், இடது பக்கம் உட்காருங்கள். குளுவாங்கில் வண்டி பத்து நிமிஷம் நிற்கும். காப்பி குடிக்க அதுதான் இடம். அதற்கப்பால் பாலோவில் தண்ணீரைத் தவிர ஒன்றும் கிடைக்காது. வழி நெடுக இரண்டு பக்கமும் பால்மரம்தான். ரப்பர் விலை விழுந்த பிறகு பல தோட்டங்களில் பால் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். மரங்களுக்கடியில் ஆள் உயரத்துக்குப் புல். ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுகிற குடும்பங்கள் ரெங்கம் நிலையத்தில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் கழித்துப் பெக்கோக் வந்து சேர்ந்தேன்.

நிலையத்திலிருந்து தோட்டம் நாலு மைல். செம்மண் பாதை. மாட்டுவண்டிக்கு முப்பது காசு, மழை பெய்திருந்தால் நாற்பது. என்னை ஏற்றிக்கொண்டவர் முனியாண்டி என்ற முதியவர். நான் வைத்திருந்த தோல் பையையும் கறுப்புக் கோட்டையும் பார்த்தவுடனே எங்கே போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வேதக்காரங்க கூட்டத்துக்குத்தானே? பேரு கூப்பிட்டு ஆஜர் எடுப்பாங்களே, அதுக்கா?"

ஆஜர் எடுப்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

"எங்க சாமி வருஷத்துக்கு ஒருக்கா திருவிழாவுக்கு வந்தாப் போதும்னு விட்டுருதுங்க. உங்க சாமிதான் வாராவாரம் பேரு கூப்பிடுது" என்றார். மாட்டைத் தட்டிக்கொண்டே நாலு மைலும் அதை நினைத்துச் சிரித்தார்.

தேவசகாயம் வீட்டில்தான் தங்கினேன். முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த மனிதர், விரல்களில் அயோடின் கறை. தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் படுத்துக்கொண்டார். நான் வேண்டாம் என்று சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மனைவி வைத்த கருவாட்டுக் குழம்பைப் போல நான் ஜோகூர் பாருவில் சாப்பிட்டதில்லை. போகிறவர்கள் அங்கே சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தின்பண்டம் எதுவும் வாங்கிப் போகவும் வேண்டாம். பெரிய எழுத்தில் அச்சடித்த வேதப் புத்தகம் கொண்டுபோனால் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். பத்தொன்பது பேருக்கு இருப்பது ஆறு புத்தகம்.

அந்த ஆறும் ஒன்றுபோல் இல்லை என்பதும் ஒரு சங்கடம். கூட்டத்தில் பாதிப் பேர் கத்தோலிக்கக் குடும்பத்தார், பாதிப் பேர் நம்மவர்கள். அவர்கள் புத்தகத்தில் சின்னப்பர் என்றிருக்கும் அப்போஸ்தலர்தான் நம் புத்தகத்தில் பவுல். முதல் வருஷம் ஒரு சகோதரர் எழுந்து, இருவரில் மூத்தவர் யார் என்று உண்மையாகவே கேட்டாராம். பெயரைப் பார்த்தால் சின்னப்பர்தான் தம்பியாக இருக்க வேண்டும் என்று இன்னொருவர் பதில் சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லும்போது தேவசகாயத்துக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. நானும் சிரித்தேன். ஆனால் நான் சிரித்தது வேறு மாதிரி. இந்த ஜனங்களுக்கு நான் எவ்வளவு சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற சிரிப்பு அது. நாற்பது பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு வகுப்பு. குளித்து, சமைத்து, துணி துவைத்துக் காயப்போட்டபின் வருவார்கள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசிக் காம்பராதான் இடம். அதில் குடியிருந்தவர்கள் போன வருஷம் ஊருக்குக் கப்பலேறிவிட்டார்கள். தரையில் பாய், சுவரோரம் எனக்கு மட்டும் ஒரு நாற்காலி. ஒரு பாட்டு, ஒரு ஜெபம். பிறகு தேவசகாயம் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, விடியற்காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் எண்ணுவதுபோலப் பெயர் கூப்பிட்டார். ஆனால் யாரும் "ஆஜர்" என்று சொல்லவில்லை. சிலர் "செஞ்சேன்" என்றார்கள்.

விஷயம் இதுதான். ஒரு வசனத்தை வாசிப்பார்கள். அதில் செய்யச் சொன்னதை அந்த வாரத்தில் ஒவ்வொருவரும் செய்ய வேண்டும். மறு ஞாயிறு பெயர் கூப்பிடும்போது "செஞ்சேன்" அல்லது "செய்யலை" என்ற இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம். ஒருவர் "செய்யலை" என்றாலும் எல்லாரும் அதே வசனத்தில் நிற்பார்கள். "முயற்சி பண்ணேன்" என்று சொன்னால் எழுதிக்கொள்வீர்களா என்று நான் கேட்டேன். பால் வெட்டினாயா என்று பெரட்டில் கேட்டால் முயற்சி பண்ணேன் என்று சொல்ல முடியுமா என்று தேவசகாயம் திருப்பிக் கேட்டார்.

இப்படியே மூன்று வருஷத்தில் முதல் சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பாதிவரை வந்திருக்கிறார்கள். முதல் அதிகாரத்து வம்ச வரலாற்றில் செய்வதற்கு எதுவும் இல்லாததால் அதை மட்டும் ஒரே நாளில் முடித்துவிட்டார்களாம்.

நான் போன சமயம் அவர்கள் ஏழு வாரமாக ஒரே இடத்தில் நின்றிருந்தார்கள். காணிக்கை செலுத்தப் பீடத்தண்டை வந்தவனுக்குத் தனக்கும் தன் சகோதரனுக்கும் இடையே ஒரு குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் ஒப்புரவாகிவிட்டு வரவேண்டும் என்கிற இடம் அது. தடையாக இருந்தவர் சாமுவேல் என்ற பால்வெட்டுக்காரர். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் தம்பி நட்ட பப்பாளி மரம் தன் கூரைமேல் சாய்கிறதென்று, கேட்காமல் வெட்டிப் போட்டுவிட்டார். ஏழு வாரம் அண்ணன் தம்பி பேச்சில்லை. ஏழு ஞாயிறு "செய்யலை". நான் வருவதற்கு முதல்நாள்தான் அவர் ஒரு பப்பாளிக் கன்றைக் கொண்டுபோய்த் தம்பி வாசலில் நட்டு, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவர் பெயர் வந்தபோது எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

"செஞ்சேன்."

எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்த தம்பி தலையை ஆட்டினார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. ஒருவர் பக்கத்தைப் புரட்டுவதற்கு விரலில் எச்சில்கூடத் தொட்டுக்கொண்டார். அப்போது தேவசகாயம், மரியாதைக்காகக் கடைசியில் எழுதி வைத்திருந்த பெயரையும் கூப்பிட்டுவிட்டார்.

"இஸ்ரவேல் வாத்தியார்?"

அது நான். வாத்தியார் வேலையை விட்டு ஒன்பது வருஷமாகிறது என்றாலும் அந்தப் பெயர் விடவில்லை. "செஞ்சேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் சாமுவேலைப் பார்த்தபிறகு அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. மாறாக, என் விஷயம் இவர்களுடையதைப் போன்றதல்ல என்று விளக்கத் தொடங்கினேன்.

நானும் ஞானமுத்துவும் நாகப்பட்டினத்தில் ஒரே கப்பலேறி வந்தவர்கள். மூவாரில் ஒரே தமிழ்ப் பள்ளியில் பதினொரு வருஷம் வேலை பார்த்தோம். நான் இலக்கணம், அவன் கணக்கு. அங்கே ஜெபவீட்டுக்கு உபதேசியார் ஒருவரை வைக்க வேண்டும் என்றபோது எல்லாரும் என்னைத்தான் நினைத்தார்கள். கமிட்டியார் என்னைப் பற்றி ஞானமுத்துவிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள். "பாடம் தெரியும், ஆளைத் தெரியாது" என்று அவன் சொன்னான். ஐந்து வார்த்தைகூட இல்லை. வேலை அவனுக்கே போயிற்று. நான் ஜோகூர் பாருவுக்கு வந்தேன். அன்றிலிருந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியவன் அவன். இதையெல்லாம் கால்மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். நியாயம் என் பக்கம் இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள் என எதிர்பார்த்தேன்.

முன்வரிசையில் அன்னம்மா என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். பால் வெட்டுகிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கலாம். எழுத்துக் கற்றுக்கொண்டதே இந்த வகுப்பில்தான். நான் பேசிய நேரமெல்லாம் அவர் விரல் அந்த வசனத்தின் மேல் எழுத்தெழுத்தாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"வாத்தியாரே, ஒரு சந்தேகங்க. இதுல யாருக்குக் குறைன்னு போட்டிருக்கு?"

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன்.

"சகோதரனுக்குன்னு போட்டிருக்குங்க" என்றார் அவரே. "உங்களுக்குன்னு போடல. அவருக்கு உங்க மேல என்ன குறைங்க?"

பதினொரு வருஷம் நான்காம் வேற்றுமையைப் பிள்ளைகளுக்கு உருப்போட வைத்தவன் நான். 'கு' உருபு வந்தால் யாருக்கு என்று கேள் என்று பிரம்பால் மேசையைத் தட்டியவன். அந்த வசனத்தை எத்தனை தரம் வாசித்திருப்பேன். ஒவ்வொரு தரமும் எனக்கு ஞானமுத்துமேல் குறை இருப்பதாகவே வாசித்து, அவன் இன்னும் வரவில்லையே என்று புத்தகத்தை மூடியிருக்கிறேன். அவனுக்கு என்மேல் குறை இருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. சாமுவேல் கதையிலும் குறை தம்பிக்குத்தானே என்பது அப்போதுதான் உறைத்தது.

"தெரியாது" என்றேன்.

"கேட்டதில்லீங்களா?"

"இல்லை."

தேவசகாயம் குனிந்து "செய்யலை" என்று எழுதினார். யாரோ ஒருவர், ஐயா விருந்தாளிதானே, பெயரை அடித்துவிடலாமே என்றார். அடிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கோபத்தில் சொன்னேனா வெட்கத்தில் சொன்னேனா என்று இன்றும் தெரியவில்லை. வெளியே வரும்போது சாமுவேல் என் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தார்.

"எனக்கே ஏழு வாரம் ஆச்சுங்க. நீங்க படிச்சவங்க, சீக்கிரம் முடிச்சிருவீங்க" என்றார். கேலியில்லை, நிஜமாகவே தைரியம் சொன்னார்.

திங்கட்கிழமை அங்கேயே இருந்தேன். குறிப்புகளை எடுக்கவே இல்லை. காலையில் அன்னம்மாவின் மர நிரையோரம் நடந்து அவர் பால் வெட்டுவதைப் பார்த்தேன். என் காலில் ஏறிய அட்டையைப் புகையிலைச் சாறு தொட்டு எடுத்துவிட்டுச் சிரித்தார். அவர்கள் பத்தொன்பது பேரும் அடுத்த வசனத்துக்குப் போக முடியாமல் நிற்பது என்னால்தான். அதற்காக ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை நேரே ஜோகூர் பாருவுக்குத் திரும்பாமல் மூவாருக்குப் புறப்பட்டேன். பெக்கோக்கிலிருந்து சிகாமட்டுக்கு ரயிலில் ஒரு மணி ஐந்து நிமிஷம், எழுபது காசு. அங்கிருந்து தங்காக் வழியாக மூவாருக்குப் பஸ். ஐம்பது மைலுக்குச் சற்றுக் குறைவு, ஒரு வெள்ளி இருபது காசு. பஸ் மூவார் ஆற்றின் இக்கரையோடு நின்றுவிடும், பெர்ரிப் படகில் கடக்க வேண்டும். அதற்கு நான் அரைமணி நேரம் காத்திருந்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று எண்ணிக்கொள்ள அரைமணி தாராளமான நேரம்.

ஞானமுத்து வீடு பள்ளிக்குப் பின்னால் அதே இடத்தில்தான். மாலை நாலு மணிக்குப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தினசரியை மடித்து, மறுபடி விரித்து, மறுபடி மடித்தான். உட்கார் என்றான். உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டேன். உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும் என்று பயம்.

"உனக்கு என்மேல என்ன குறை?"

"ஒன்பது வருஷம் கழிச்சு வந்து கேக்குற கேள்வியா இது?" என்றான். உள்ளறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "எனக்கு ஒன்னும் இல்லப்பா. எஸ்தருக்குத்தான்."

எஸ்தர் அவன் மனைவி. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் உட்கார்ந்து அவனிடம் எழுத்துக் கற்றார். ஒரு குருத்தோலை ஞாயிறன்று முதல் தடவையாகப் பெண்களில் ஒருவர் சபையில் வேதம் வாசிக்கட்டும் என்று அவரை எழுப்பினார்கள். கழுதைக்குட்டி வருகிற பகுதி. அவர் 'களுதை' என்று வாசித்தார். முன்பெஞ்சிலிருந்த நான் "கழுதை" என்று திருத்தினேன். அடுத்த வரியில் மறுபடி 'களுதை'. மறுபடி திருத்தினேன். மூன்றாந்தரம் நான் திருத்தியபோது சபையே சிரித்துவிட்டது. அவர் பாதியில் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் அவர் வாசிப்பதில்லை என்றான் ஞானமுத்து. அடுத்த மாதம்தான் கமிட்டியார் அவனிடம் என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

இதை நான் மறந்திருந்தேன் என்று எழுதினால் பொய்யாகும். நன்றாகவே நினைவிருந்தது. பேரைச் சொல்லாமல் ஜோகூர் பாருவில் எத்தனையோ வீடுகளில் அதை வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். இதை வாசிக்கிறவர்களில் சிலரும் அதைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான்.

எஸ்தர் தேநீர் கொண்டுவந்தார். நான் எழுந்து நின்று, அன்றைக்கு நான் செய்தது தப்பு, மன்னித்துக்கொள் தங்கச்சி என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"நான் படிச்சது தப்புதான் அண்ணே. எங்க தோட்டத்துல களுதைன்னுதான் சொல்லுவாங்க. ஒரு தரம் சொல்லியிருந்தாப் போதும். நீங்க மூணு தரம் சொன்னீங்க."

அவ்வளவுதான் சொன்னார். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். ஞானமுத்து கடைத்தெருவுக்கு ஓடி, மீனை அரைத்து இலையில் வைத்துச் சுட்ட ஒத்தாக் வாங்கிவந்தான். அது எனக்குப் பிடிக்கும் என்று அவன் மறக்கவில்லை. ஆறு மணிக்குக் குடும்ப ஜெபம். அவன் வழக்கம்போலப் புத்தகத்தை மனைவியிடம் நீட்டினான். வீட்டில் தினமும் வாசிப்பவர் அவர்தான் போலிருக்கிறது. அவர் வாங்கவில்லை.

"அண்ணன் போனப்புறம் படிக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார். நான் எழுந்து வெளியே போய்ச் சாலையோரம் நின்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். சிறிது நேரத்தில் உள்ளே அவர் வாசிக்கிற சத்தம் கேட்டது. சொற்கள் பிடிபடவில்லை, குரல் மட்டும் நிதானமாக, ஒரே சீராக வந்தது. முடிந்தபின் உள்ளே போனேன். அன்றிரவும் மறுநாள் பகலும் அங்கேதான் தங்கினேன்.

திரும்புவதற்கு மூவாரிலிருந்து சிங்கப்பூருக்குச் சிறு கப்பல் இருக்கிறது. புதன்கிழமை இரவு ஏறினால் வியாழன் காலையில் இறங்கலாம், தளத்தில் படுக்க இரண்டு வெள்ளி. அங்கிருந்து கடற்பாலத்தின் வழியாக ஜோகூர் பாருவுக்கு வந்துவிடலாம். மழைக்காலம் முடியாமல் போகாதீர்கள். பெக்கோக் செம்மண் பாதையில் வண்டி புதைந்துவிடும். கறுப்புக் கோட்டு வேண்டாம், வியர்வைதான் மிச்சம். குறிப்புகளும் வேண்டாம்.

வந்ததும் தேவசகாயத்துக்கு நடந்ததை அப்படியே எழுதினேன். போனேன், கேட்டேன், மன்னிப்பும் கேட்டேன், ஆனால் அந்த அம்மாள் இன்னும் என் முன்னால் வாசிக்கவில்லை, இதை என்னவென்று எழுதிக்கொள்வீர்கள் என்று கேட்டேன். பதில் பத்து நாளில் வந்தது. வகுப்பில் படித்துக் காட்டினார்களாம். செய்ததாகவே எழுதலாம் என்று சாமுவேல் எனக்காக வாதாடியிருக்கிறார். அன்னம்மாதான் ஒப்புக்கொள்ளவில்லை. குறை யாருக்கோ அவர்தான் தீர்ந்தது என்று சொல்ல வேண்டும், வாத்தியார் சொன்னால் எப்படி என்று கேட்டாராம். என் பெயருக்கு நேரே "செய்யலை" என்றே போட்டிருக்கிறது. அவசரமில்லை, நாங்கள் இருக்கிறோம் என்று தேவசகாயம் கடைசியில் எழுதியிருந்தார்.

அதன்பின் மூவாருக்கு மறுபடியும் ஒரு தரம் போய்வந்தேன். எஸ்தர் மீன்குழம்பு வைத்தார், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினார். ஜெப வேளை வந்தபோது யாரும் சொல்லாமலே நான் எழுந்து வெளியே போனேன். இம்முறை எஸ்தர் கதவைச் சாத்தவில்லை.

ஆகவே பெக்கோக் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். உங்கள் பெயரையும் எழுதிக்கொள்வார்கள், அதற்குத் தயாராகப் போங்கள். நீங்கள் போகும்போதும் அவர்கள் அதே வசனத்தில் நின்றிருந்தால், இவர்கள் ஏன் இவ்வளவு மெதுவாகப் படிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் எல்லாரும் எப்போதோ முடித்துவிட்டார்கள். எனக்காக நிற்கிறார்கள்.